யாரு கை?

மலைக்கு மேலே தோசைக்கல் மாதிரி மட்டமாகக் கிடக்கும் எங்கள் தவிட்டுமேட்டில் ஏரியைச் சுற்றி ஒரு ரோடும் அந்த ரோட்டில் வீட்டுக்கு ஒரு சைக்கிளும் உண்டு என்பதையும், ஐப்பசியில் நீர்ப்பனியாக விழத் தொடங்குவது மார்கழியில் உறைபனியாகிப் புல்மேல் உப்பைக் கொட்டியதுபோல வெளுத்துக் கிடக்கும் என்பதையும், அந்தப் பனியில் சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குக் காலைப் பற்றிக் கவலையே கிடையாது, மிதிக்கிற கால் தானாகச் சூடாகிவிடும், ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு சும்மா இருக்கிற கைதான் மரத்துச் செத்துப்போகும் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டால், மற்றதெல்லாம் உங்களுக்குத் தானே விளங்கிவிடும்.

கார்த்திகை பிறந்துவிட்டால் ஊரே மைமூன் அக்காவின் கம்பளிக் கடையில்தான் கிடக்கும். வீட்டுக்காரர் ராவுத்தர் இறந்துபோன பிறகு தனியாளாகக் கடையை நடத்திவந்த மைமூன் அக்காவுக்கு, எங்கோ குளிர்தேசத்து ஆட்கள் போட்டுக் கழித்த ஸ்வெட்டரும் குல்லாவும் கையுறையும் துறைமுகத்திலிருந்து பேல் என்கிற பெரிய மூட்டைகளாகக் கட்டி வரும். அவர் அவற்றை உதறி, வெயிலில் காயப்போட்டு, ஜோடி சேர்த்து, கொடிக்கயிற்றில் கிளிப் மாட்டித் தொங்கவிடுவார். பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள், அந்தக் கயிற்றடியில் நின்று நாங்கள் யோசித்த யோசனை. கம்பளி போதும் என்பார் ஒருவர், காற்று புகுந்து வெளியேறும் கம்பளியும் வெறுங்கையும் ஒன்றுதான் என்பார் இன்னொருவர். தடித்த பஞ்சுக் கையுறை போட்டவன் பிரேக்கைப் பிடித்தோமா விட்டோமா என்று தனக்கே தெரியாமல் ஏரிக்குள் இறங்கிய கதையும், நாலு விரலையும் ஒரே பைக்குள் போட்டுக்கொண்டவன் மணியடிக்க முடியாமல் வாயாலேயே மணியடித்துக்கொண்டு போன கதையும் வருஷா வருஷம் சொல்லப்படும். எல்லாம் சொல்லிச் சிரித்துவிட்டு, கடைசியில் நிறம் பிடித்ததை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவோம்.

அந்த வருஷத்துப் பேலில் வந்த கையுறைகளுக்குள், எங்கள் ஊரில் செத்துப்போனவர்களின் கைகள் இருந்தன.

முதலில் கண்டவர் பால் சொசைட்டி போஜன். பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். சாம்பல் நிறத்தில் ஒரு ஜோடியை எடுத்து, வலது கையை உள்ளே விட்டவர் விட்டபடியே நின்றார். என்ன போஜண்ணே, பூச்சி கீச்சி இருக்கா என்று மைமூன் அக்கா கேட்டதற்கு, "எங்கம்மா" என்றார். உள்ளே ஒரு கை அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, விரல்முட்டிகளை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலால் தேய்த்துக்கொடுத்துக்கொண்டிருந்தது. எருமைக்குப் புல்லறுத்துவிட்டுக் குளிரில் வந்த பையனுக்கு அடுப்படியில் உட்கார்ந்து அவருடைய அம்மா தேய்த்துவிடுகிற அதே தேய்ப்பு. அந்தக் கைக்குக் கனம் இல்லை, எலும்பு இடிக்கவில்லை, அவர் கை முழுசாக உள்ளே போனதும் வெதுவெதுவென்று ஆகிவிட்டது. போஜன் இன்னொரு கையையும் மாட்டிக்கொண்டு, பால் கேன்களைச் சைக்கிளில் ஏற்றி, வழக்கம்போல யாரிடமும் எதுவும் பேசாமல் போய்விட்டார்.

அவர் போனதும் மைமூன் அக்கா கடைக்கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு, கயிற்றில் தொங்கிய கையுறைகளுக்குள் ஒவ்வொன்றாகக் கையை விட்டுப் பார்த்தார். ராவுத்தர் ரோஸ் நிறத்தில் பூப்போட்ட ஒரு பெண்பிள்ளைக் கையுறைக்குள் இருந்தார். உயிரோடு இருந்தபோது வெள்ளையைத் தவிர வேறு நிறத்தைத் தொடாத மனுஷன் இப்படி மாட்டிக்கொண்டாரே என்று அக்காவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அன்றிலிருந்து அந்த ரோஸ் கையுறையைப் போட்டுக்கொண்டுதான் அவர் வியாபாரம் பார்த்தார்.

இதில் ஆச்சரியப்பட எங்களுக்கு நேரம் இல்லை, ஏனென்றால் யாருக்கு யார் என்று ஜோடி சேர்ப்பதே பெரிய வேலையாக இருந்தது. கடைவாசலில் நின்று ஒருவர் கையுறையை இன்னொருவருக்கு மாட்டி, இது உங்க சித்தப்பா மாதிரி இருக்கு பாருங்க, இல்லீங்க எங்க சித்தப்பாவுக்கு மோதிரத் தழும்பு உண்டு, அப்ப இது தபால்காரர் பெரியசாமியாத்தான் இருக்கணும், பாருங்க எச்சில் தொட்டுப் புரட்டுற மாதிரியே விரல் அசையுது என்று பேசிப் பேசி, செத்தவர்களை எல்லாம் அவரவர் வீட்டுக்கு அனுப்பிவைத்தோம். குடிக்கப் போகிறவனுடைய அப்பா பிராந்திக்கடைத் திருப்பத்தில் ஹேண்டில்பாரை வேறு பக்கம் திருப்பினார். மருமகளுடைய கையை மாமியார் கிள்ளினாள், கிள்ளிவிட்டு ஊதியும் விட்டாள். கான்ஸ்டபிளுக்கு ஊரின் பழைய திருடன் கை கிடைத்தது, அது அவரைப் பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் அவர் கையையும் சேர்த்துத் தூக்கி சலாம் வைத்தது. பரீட்சைக்குக் கையுறை போட்டு வரக் கூடாது என்று பள்ளிக்கூடத் தலைமையாசிரியை உத்தரவு போட்டார், செத்துப்போன கணக்கு வாத்தியார் ஒருவர் ஒன்பதாம் வகுப்பில் ஒருத்திக்காக முழுப் பரீட்சையும் எழுதிக்கொடுத்துவிட்டபடியால். அப்பா யாருக்கு என்று சண்டை பிடித்த அக்கா தங்கை இருவர் ஆளுக்கொரு கையுறையாகப் பிரித்துக்கொண்டார்கள், அக்காவுக்கு இடது கை, தங்கைக்கு வலது கை. பிரித்த பிறகு ஒருத்தியை விட்டு ஒருத்தி தள்ளிப்போனால் கை வலிக்கிறது என்று ரோட்டை அடைத்துக்கொண்டு இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான் சைக்கிள் விட்டார்கள், பின்னால் வந்த பஸ்காரரும் ஹாரன் அடிக்காமல் மெல்லத் தொடர்ந்து வந்தார்.

சர்ச்சுப் பங்குத்தந்தை இது சரி என்றும் சொல்லவில்லை, தவறு என்றும் சொல்லவில்லை, அவர் கையிலும் ஒரு கறுப்புக் கையுறை இருந்தது. பள்ளிவாசல் ஹஜ்ரத்தும் மாரியம்மன் கோவில் பூசாரியும் அப்படியே. கையுறையைத் துவைக்கக் கூடாது, வெறுந்தரையில் போடக் கூடாது, இரவில் அடுப்புக்கு மேலே தொங்கவிட வேண்டும், கழற்றும்போது வெடுக்கென்று இழுக்காமல் வருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கழற்ற வேண்டும் என்று யாரும் எழுதிவைக்காமலே எல்லாம் வழக்கத்துக்கு வந்துவிட்டது. காலையில் எதிரே சைக்கிளில் வருகிறவரைப் பார்த்து முன்பெல்லாம் சாப்பிட்டாச்சா என்று கேட்ட ஊர், இப்போது "யாரு கை?" என்று கேட்டது. எங்க பெரியம்மா, எங்க வீட்டுக்காரி, எங்க தம்பி, ஆத்துல போனானே அவன் என்று பதில் வரும், கேட்டவர் ஒரு தலையசைப்போடு மிதித்துக்கொண்டு போவார். அந்த மார்கழியில் எங்கள் ஊரில் யாருக்கும் கை குளிரவில்லை.

எமல்டா ஒருத்தியைத் தவிர.

எமல்டா, பவுலோஸ் நடத்தும் பேக்கரியின் ரொட்டிக்காரி. விடியும்போது தகரப்பெட்டி நிறைய பன்னும் வர்க்கியும் ரொட்டியும் அடுக்கி, கேரியரில் கட்டி, ஏரியைச் சுற்றி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு, அப்புறம் ஊரின் ஒரே இறக்கமான கொக்கி வளைவு வழியாகக் கீழே இறங்கி, தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்குப் போவாள். அவளுடைய மணிச்சத்தம் கேட்டுத்தான் நாங்கள் எழுந்திருப்போம். அந்தச் சைக்கிளும் மணியும் அவள் புருஷன் இஞ்ஞாசியுடையவை. பஜார் முனையில் சைக்கிள் கடை வைத்திருந்தவன் அவன். செயின் சுற்றும்போது பல்சக்கரத்தில் மாட்டி இடதுகை மோதிரவிரலில் பாதியைக் கொடுத்தவன், மீதி விரலை வைத்துக்கொண்டே ஊரில் இருக்கிற சைக்கிளையெல்லாம் ஓடவைத்தவன். பழுது பார்த்து வண்டியைக் கொடுக்கும்போது பிரேக்கை டக் டக் என்று இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, எறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு தட்டு தட்டிக்கங்க, வண்டி ஞாபகம் வச்சுக்கும் என்பான். நாங்கள் தட்டியதில்லை, எமல்டா மட்டும் தட்டுவாள்.

கடைக்கு ஓட்டை விழாத கூரை போடவேண்டும் என்று சொல்லிக்கொண்டு, வடக்கே எங்கோ பனிமலை ஓரத்தில் ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியில் வேலைக்குப் போனான் இஞ்ஞாசி. மாதம் ஒரு தடவை பேக்கரிக்குப் போன் வரும், பவுலோஸ் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு எமல்டாவைத் தேடி ஓடுவார். ஒரு தை மாதம் போன் வரவில்லை, அதற்கப்புறமும் வரவில்லை, லாரிக்காரரை விசாரித்தால் அவன் நடுவழியிலேயே இறங்கிப்போனான் என்றார், எங்கே என்றால் தெரியாது என்றார். அதன் பிறகு இரண்டு பனிக்காலம் போய்விட்டது. பார்க்கிறவர்களெல்லாம் எமல்டாவிடம் "போன் வந்துச்சாம்மா?" என்று கேட்பார்கள். "வரும்" என்பாள் அவள்.

கையுறைகளுக்குள் யார் இருக்கிறார்கள் என்று ஊருக்குத் தெரிந்த அன்றைக்கே எமல்டா கையுறை வேண்டாம் என்றுவிட்டாள். மைமூன் அக்காவின் கடையிருக்கிற பக்கம் வருவதையே நிறுத்தி, அந்தத் தெரு வீடுகளுக்கு ரொட்டியை முனையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிக்கொண்டாள். அக்காவே அவளைத் தேடிப்போய்க் கேட்டபோது அவள் மறைக்காமல் சொன்னாள்.

"அவரு கை அதுல இல்லாத வரைக்கும், அவரு எங்கயோ உக்காந்து சோறு தின்னுட்டு இருக்காருன்னு அர்த்தங்க்கா. நான் உள்ள கைய விட்டுப் பாத்து, இருந்துட்டா என்ன பண்றது?"

"யாருதோ ஒரு கை இருக்கும்டீ. அதுக்குன்னு வெறுங்கையோடவா மிதிப்ப?"

"என் கைக்கு என்ன கொறச்சல்?"

கைக்கு நிறையவே குறைச்சல் இருந்தது. முதலில் ரொட்டி சுற்றுகிற தாளைச் சுற்றிக்கொண்டாள், அது நனைந்து கிழிந்தது. பிறகு பால் கவரை மாட்டிக்கொண்டாள், அதற்குள் வேர்த்து வேர்வையும் குளிர்ந்தது. பிறகு இஞ்ஞாசியின் பழைய சாக்ஸைக் கையில் போட்டுக்கொண்டாள், அது பிரேக்கில் வழுக்கியது. மார்கழிக் கடைசியில் அவள் விரல்களெல்லாம் வீங்கிச் சிவந்து, முட்டிகளில் வெடிப்பு விட்டு, ரொட்டி நீட்டும்போது தாளில் ரத்தம் ஒட்டியது. விரலே போய்விடும் என்று கம்பவுண்டர் பயமுறுத்தினார். கல்லாவில் உட்காரு, பனி போகிறவரைக்கும் வேறு ஆள் போகட்டும் என்று பவுலோஸ் சொல்லிப் பார்த்தார். அவர் திரும்பி வர்றப்ப மணிச்சத்தத்த வச்சுத்தான் என்னக் கண்டுபிடிப்பார் என்று அவள் மறுத்துவிட்டாள்.

அவளுக்குத் தெரியாமல் ஊர் ஒன்றைத் தெரிந்துவைத்திருந்தது.

பேலை அடிவரைக்கும் பிரித்தபோது கடைசியில் ஒரு ஜோடி வந்தது. உள்ளங்கையில் தோல், உள்ளே கம்பளி, விரல் நுனியில் மெல்லிசு, மணிக்கட்டைத் தாண்டி ஏறுகிற நீளம். சைக்கிளுக்கென்றே செய்தது மாதிரி இருந்தது, ஆனால் சின்ன அளவு, பெண்பிள்ளை அளவு. வாட்டசாட்டமான போஜன் யாருக்கோ கொடுக்கலாமே என்று இடது கையை விட்டுப் பார்த்தார், விரல்முட்டி வரைக்கும்தான் போனது. அந்த அளவிலேயே உள்ளேயிருந்த கை அவரைத் தொட்டது. மோதிரவிரல் பாதிதான் இருந்தது. இரண்டு தட்டுத் தட்டியது. மற்ற கைகளெல்லாம் வெதுவெதுவென்று இருக்க இது மட்டும் பனியில் கிடந்த இரும்பு மாதிரி குளிர்ந்து கிடந்தது. போஜன் கையை உருவிக்கொண்டு மைமூன் அக்காவைப் பார்த்தார். அக்கா அந்த ஜோடியை வாங்கி, ஒரு தரம் ஒற்றை விரலை விட்டுப் பார்த்துவிட்டு, கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்தார்.

எங்கள் ஊரில் ரகசியம் என்பது ஓட்டைக் குடத்துத் தண்ணீர், வீடு போய்ச் சேர்வதற்குள் தெருவெல்லாம் நனைந்துவிடும். இதுவும் நனைந்தது. கடைக்கு வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கல்லாப்பெட்டிக்கு அடியில் குனிந்து, ஒற்றை விரலை உள்ளே விட்டு, பாதி விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார்கள். முழுக் கையையும் விட யாருக்கும் மனம் வரவில்லை, அது எமல்டாவுக்கு உரியது. ஆனால் ஆச்சரியம் என்னவென்றால், ஊர் எல்லையில் நிற்கிற பஸ் ஸ்டாப் வரைக்கும் பரவிய அந்தச் சேதி எமல்டாவின் காதுக்கு மட்டும் போகவில்லை. யாரும் கூட்டம் போட்டுப் பேசிவைக்கவில்லை, சத்தியம் வாங்கவில்லை. அவளைப் பார்த்ததும் எல்லோருக்கும் தானாக வாய் மூடிக்கொண்டது. தவிட்டுமேடு தன் வரலாற்றில் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான், அதையும் சரியாகக் காப்பாற்றத் தெரியவில்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

தை முடியப்போனது. வெயில் ஏற ஏறக் கையுறைக்குள் இருந்த கைகளெல்லாம் மெலிய ஆரம்பித்தன. காலையில் இறுக்கிப் பிடித்த கை பத்து மணிக்குத் தளர்ந்தது. போஜனுடைய அம்மா தேய்ப்பதை நிறுத்திவிட்டுச் சும்மா பிடித்துக்கொண்டு மட்டும் இருந்தார். ராவுத்தர் மத்தியானத்தில் இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை என்று அக்கா சொன்னார். மாசி பிறந்து பனி போனால் இவர்களும் போய்விடுவார்கள் என்பது எங்களுக்குப் புரிந்தது. உடனே ஊர் இரண்டாகப் பிரிந்தது. இப்பவே அவகிட்ட சொல்லிடணும், ஒரு தடவையாவது தொட்டுப் பாக்கட்டும், அப்புறம் காலத்துக்கும் கெடைக்காது என்றது டீக்கடைக்கு இந்தப் பக்கம். சொல்லாமலே விட்டா அவ காலத்துக்கும் அவன் எங்கயோ சோறு தின்னுட்டு இருப்பான், அதக் கெடுக்க நாம யாரு என்றது அந்தப் பக்கம். இரண்டும் நியாயமாகவே இருந்தபடியால் முடிவு எதுவும் ஆகவில்லை.

அந்த வாரத்தில்தான் எமல்டா விழுந்தாள். கொக்கி வளைவில் ரோடு முழுக்கக் கண்ணாடியாக உறைந்து கிடந்தது. பிரேக்கை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் இறங்கியிருக்கிறாள், ஆனால் வளைவில் பிரேக்கைப் பிடித்தபோது விரல் பிடித்ததா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை, சைக்கிள் நேராகத் தேயிலைக்குள் போய்விட்டது. தகரப்பெட்டி திறந்து பன்னெல்லாம் செடிகள்மேல் பூத்தது மாதிரி கிடந்தது. பால் கேனோடு மேலே ஏறிவந்த போஜன் பார்க்கும்போது, அவள் எழுந்திருக்காமல் அப்படியே பனியில் மல்லாந்து படுத்திருந்தாள், கண் திறந்திருந்தது. அடி ஒன்றும் பெரிதில்லை. இன்னும் இரண்டடி தள்ளி விழுந்திருந்தால் பள்ளம். போஜன் அவளைத் தூக்கி உட்காரவைத்து, பன்களைப் பொறுக்கித் துடைத்து, பெட்டிக்குள் போட்டுக் கொடுத்தார்.

மத்தியானம் எமல்டா மைமூன் அக்காவின் கடைக்கு வந்தாள். முழங்கையில் பச்சிலை கட்டியிருந்தது. கடையில் இருந்த நாலைந்து பேரும் பேச்சை நிறுத்தினோம்.

"அக்கா, கிளவுஸ் வேணும்."

மைமூன் அக்கா கயிற்றைப் பார்த்தார். மிச்சம் இருந்ததே கொஞ்சம்தான்.

"இந்த ஊதாவப் போட்டுப் பாரு. நர்ஸம்மா இருந்தாங்கல்ல, சுகிர்தம், அவங்க கை. பஞ்சு மாதிரி இருக்கும். உன் வெடிப்பெல்லாம் ஆறிப்போயிடும்."

"அது வேணாங்க்கா. சைக்கிளுக்கு ஆகாது, விரல் தடிப்பு. உள்ளங்கையில தோலு, உள்ள கம்பளி, நுனி மெலிசா இருந்தாத்தான் பிரேக்கு தெரியும். மணிக்கட்டத் தாண்டி ஏறணும், காத்து பூந்துரக் கூடாது." எமல்டா ஒவ்வொன்றையும் தன் கையிலேயே தொட்டுக் காட்டிச் சொன்னாள். "அந்த மாதிரி ஒண்ணு இருக்குல்ல?"

அக்கா கயிற்றை விட்டுத் திரும்பினார். "நீ எப்ப பாத்த?"

"நான் எங்க பாத்தேன். போறப்ப சொன்னாரு. அங்கெல்லாம் நல்ல கிளவுஸ் கெடைக்குமாம், வர்றப்ப உனக்கு வாங்கிட்டு வரேன்னு சொன்னாரு. எப்படிப் பாத்து வாங்கணும்னு அவரே அவருக்குச் சொல்லிக்கிட்டாரு, தோலு, கம்பளி, நுனி மெலிசுன்னு." அக்காவின் கண் கல்லாப்பெட்டிக்கு அடியில் போனதை அவள் பார்த்தாள். "அதுக்கு அடியிலதான இருக்கு?"

"யாரு சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லல. முந்தியெல்லாம் பாத்தவங்க எல்லாம் போன் வந்துச்சா, போன் வந்துச்சான்னு கேப்பீங்க. பொங்கலுக்கு முன்னாடியிருந்து ஊர்ல ஒருத்தர்கூடக் கேக்கல. அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு."

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை பேர், இத்தனை ஜாக்கிரதை, வாயைத் திறக்காமல் இருப்பது ஒன்றே போதும் என்று நினைத்துக்கொண்டு தினமும் அவளுக்கு மரணச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம்.

"தெரிஞ்சுமாடீ வெறுங்கையோட போன?" என்றார் அக்கா.

"நான் வந்து கேட்டா நீங்க எடுத்துக் குடுத்துடுவீங்களேக்கா."

"பின்ன இன்னிக்கு ஏன் வந்த?"

எமல்டா முழங்கையில் இருந்த பச்சிலைக் கட்டை அழுத்திவிட்டுக்கொண்டாள். பிறகு, சத்தத்தை உயர்த்தாமல், பன் கணக்குச் சொல்கிற குரலில் சொன்னாள்.

"காலைல விழுந்தேன்ல. அப்படியே கெடந்தேன். கை இருக்கா இல்லையான்னே தெரியல. அவரும் இப்படித்தான எங்கயோ கெடந்திருப்பாரு, பனியில, புடிச்சுக்க ஒரு கை இல்லாமன்னு தோணிச்சு. அவ்ளோ தூரத்துலயிருந்து எப்படியோ ஊரு வந்து சேந்தும், பொட்டிக்கு அடியில தனியாக் கெடக்காரே. நான் எனக்குப் பயந்துட்டு அவர அங்கயே போட்டு வச்சிருக்கேனேக்கா."

மைமூன் அக்கா குனிந்து எடுத்தார். தன்னுடைய ரோஸ் கையுறைகளைக் கழற்றி வைத்துவிட்டு, வெறுங்கையால் எடுத்து, இரண்டு கையாலும் கொடுத்தார். எமல்டா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், தோலைத் தடவினாள், தையலை இழுத்துப் பார்த்தாள், நுனியை நசுக்கிப் பார்த்தாள், நல்லதாத்தான் பாத்து எடுத்திருக்காரு என்றாள். அப்புறம் இடது கையை உள்ளே விட்டாள். அளவெடுத்துத் தைத்தது மாதிரி உள்ளே போனது.

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளே என்ன நடந்தது என்று எங்களுக்குத் தெரியாது, கையுறையின் மோதிரவிரல் மட்டும் பாதியில் குழிந்து மடங்கியதைப் பார்த்தோம்.

"எவ்ளோ குளுருது இவருக்கு" என்றாள். "மத்தவங்க கையெல்லாம் சூடா இருக்குன்னீங்க."

"மத்தவங்களுக்கு யாராவது கைய விட்டாங்கடீ" என்றார் மைமூன் அக்கா. "இதுக்குள்ள நாங்க யாரும் முழுசா விடல. உனக்குன்னு வச்சிருந்தோம்."

எமல்டா மற்றதையும் மாட்டிக்கொண்டாள். இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். இரண்டு பனிக்காலத்து அழுகையையும் சேர்த்து அழுதாள், அக்கா கடைக்கதவைச் சாத்தினார், நாங்கள் வெளியே வந்து ரோட்டோரத்தில் நின்றுகொண்டு அழுதோம், பஸ்காரர் என்ன என்று கேட்டுவிட்டு அவரும் இறங்கி வந்து நின்றார். அன்றைக்குத் தவிட்டுமேட்டில் அதற்கு மேல் வெயில் வரவேயில்லை. பனி போகிற காலத்தில் வானம் மூடிக்கொண்டு, சாயங்காலமே புல்லெல்லாம் வெளுக்கத் தொடங்கிவிட்டது.

மறுநாள் விடிந்தபோது அந்த வருஷத்திலேயே பெரிய பனி விழுந்திருந்தது. தேயிலை, கூரை, கம்பி, தண்ணீர்க்குழாய் எல்லாம் வெள்ளை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை, ஆனால் ஏரியைச் சுற்றி எல்லா வீட்டு வாசலிலும் ஆள் இருந்தது, பல் தேய்த்தவர்கள் தேய்த்துக்கொண்டே இருந்தார்கள், கோலம் போட்டவர்கள் போட்ட கோலத்தையே திரும்பத் திரும்ப இழுத்தார்கள். மணிச்சத்தம் கேட்டது. எமல்டா ஒவ்வொரு வீட்டிலும் நின்று ரொட்டி கொடுத்தாள், வாங்கியவர்கள் கையுறையைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்த்தார்கள், கேட்கவேண்டியதைக் கேட்கத் தைரியம் இல்லாமல் இன்னிக்குப் பன்னு நல்லா உப்பியிருக்கு என்று எதையோ சொல்லி அனுப்பினார்கள். சுற்றை முடித்துவிட்டு அவள் கொக்கி வளைவுக்குத் திரும்பினாள்.

நாங்கள் மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். இறக்கத்துக்கு முன்னால் சைக்கிள் நின்றது. டக் டக் என்று இரண்டு தட்டுக் கேட்டது. கொஞ்சம் பொறுத்து இன்னும் இரண்டு தட்டுக் கேட்டது, அது தான் தட்டியதில்லை என்று எமல்டா பின்னால் சொன்னாள். பிறகு சக்கரம் உருளுகிற சத்தம், பனி நொறுங்குகிற சத்தம், வளைவில் பிரேக் மெல்ல மெல்லப் பிடிக்கிற சத்தம், எதுவும் விழாத சத்தம். கீழே லைன் வீடுகளின் பக்கத்திலிருந்து மணி ஒலித்தது.

வளைவுக்குக் கீழே பால் கேனோடு மேலே ஏறிவந்துகொண்டிருந்த போஜன் அவளைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கினார். அவள் பக்கத்தில் வந்து நின்றதும், பேசினால் வாய் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற அந்த மனுஷன், ஊரில் யாருக்கும் வராத தைரியத்தை எங்கிருந்தோ கொண்டுவந்து, எல்லோரையும் கேட்பதுபோல அவளையும் கேட்டார்.

"யாரு கைம்மா?"

"எங்க வீட்டுக்காரர் கைண்ணே" என்றாள் எமல்டா. ரொட்டியை எடுத்து அவரிடம் நீட்டினாள். "ரொம்பக் குளுந்துபோயி வந்தாரு. இப்பத்தான் சூடாகுது."